நான்கு என்ற எண்ணின் கதை
பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வந்த வழி

நம் சங்கக் கூட்டங்களில் பேச்சு மாறிவிட்டது. ஒரு காலத்தில் யாருக்கு எங்கே வேலை, யாருக்குப் புரமோஷன், யார் வீடு கட்டினார் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் சுகர், பிரஷர் வந்தது. இப்போது அறுபதைத் தாண்டிய செட்டுகளில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்கிறார்கள்: "உனக்கு பி.எஸ்.ஏ. எவ்வளவுப்பா?"

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்குப் பெரும்பாலும் இந்த வரி இருக்கும். பக்கத்தில் "4.0 வரை" என்று அச்சடித்திருப்பார்கள். நம்ம எண் அதைத் தாண்டினால் தடித்த எழுத்தில் வரும். அன்று ராத்திரி தூக்கம் போச்சு. நான் உயிர்வேதியியல் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் என்பதால் நண்பர்கள் போன் செய்து கேட்கிறார்கள்: "5.3 வந்திருக்கு. கேன்சரா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் இந்த நான்கு எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது ஒரு வரலாறு. தொண்ணூறு வருஷ வரலாறு. அது தெரிந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வந்துவிடும்.

எலும்பில் கிடைத்த முதல் துப்பு

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. விந்துவின் திரவத்தில் ஒரு பகுதியைத் தயாரிப்பது இதன் வேலை. வயதாக ஆக இது பருக்கும். அதனால்தான் ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறோம். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு எலும்புக்குப் பரவும் குணம் உண்டு. 1930களில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் கட்மன் என்ற மருத்துவர் அப்படிப் பரவிய எலும்புகளில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி மிகுந்திருப்பதைக் கண்டார். 1938இல் அவரும் எத்தல் கட்மனும், நோய் பரவியவர்களின் ரத்தத்திலும் அதே நொதி உயர்கிறது என்று வெளியிட்டார்கள். ஒரு புற்றுநோயை ரத்தத்தில் அளந்து பார்க்கலாம் என்பதற்குக் கிடைத்த ஆரம்பகாலச் சான்றுகளில் இது முக்கியமானது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். 1941இல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், நோய் பரவியவர்களுக்கு விதைகளை நீக்கினாலோ பெண் ஹார்மோன் கொடுத்தாலோ அந்த நொதியின் அளவு இறங்குகிறது, ஆண் ஹார்மோனை ஏற்றினால் அளவும் ஏறுகிறது என்று காட்டினார்கள். படுக்கையில் வலியோடு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து வேலை செய்கிறதா என்பதை ரத்தத்தில் ஓர் எண்ணைப் பார்த்தே சொல்லலாம் என்ற பழக்கம் அங்கேதான் வேர்விட்டது.

ஆனால் ஆசிட் பாஸ்பட்டேஸுக்கு ஒரு குறை. பெரும்பாலும் நோய் பரவிய பிறகுதான் அது உயரும். திருடன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு குரைக்கிற நாய் மாதிரி.

போலீஸ் தேடிய புரதம்

பி.எஸ்.ஏ. என்பது "புராஸ்டேட் ஸ்பெசிபிக் ஆன்டிஜென்" என்பதன் சுருக்கம். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆப்ளின் 1970இல் புராஸ்டேட் திசுவுக்கே உரிய ஆன்டிஜென் பற்றி எழுதினார். ஜப்பானில் ஹாரா குழுவினர் 1971இல் விந்துவில் ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். 1978இல் சென்சபா என்ற தடயவியல் அறிஞர் அதையே "பி30" என்று பெயரிட்டு விவரித்தார். பலாத்கார வழக்குகளில் துணியில் உள்ள கறை விந்துதானா என்று கோர்ட்டில் நிரூபிக்க அது பயன்பட்டது. யானையைத் தடவிய குருடர்கள் கதைதான். எல்லோரும் தொட்டது ஒரே புரதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

1979இல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில், மிங் வாங்கும் மிங் சூவும் அடங்கிய குழு புராஸ்டேட் திசுவிலிருந்து இதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது. 1980இல் அதே ஆய்வுக்கூடத்தார், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்து எழுதினார்கள்.

உடம்பில் இந்தப் புரதத்துக்கு என்ன வேலை? கட்டியாக வெளிவரும் விந்துவை நீர்க்கச் செய்வது. அதாவது ஆரோக்கியமான சுரப்பியே தினமும் தயாரிக்கிற நொதி இது. விந்துவில் மிகுதியாக இருக்கும். ரத்தத்தில் அதைவிட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு குறைவாகவே கசியும். சுரப்பி பருத்தாலும் கசிவு கூடும். கிருமி தொற்றிப் புண்ணானாலும் கூடும். புற்றுநோய் செல்கள் சுவரை உடைத்தாலும் கூடும். "புராஸ்டேட்டுக்கே உரியது" என்று பெயர் வைத்தார்களே தவிர, "புற்றுநோய்க்கே உரியது" என்று யாரும் வைக்கவில்லை. எண்பதுகளுக்குப் பிறகு வந்த குழப்பங்கள் பலவற்றுக்கும் இந்த ஒரு வித்தியாசம்தான் மூலம்.

எண்பத்து மூன்று தண்ணி லாரி

4 நானோகிராம் என்றால் எவ்வளவு? 12,000 லிட்டர் தண்ணி லாரிகள் 83ஐ வரிசையாக நிறுத்துங்கள். மொத்தம் ஏறக்குறைய பத்து லட்சம் லிட்டர். அதில் நாலு கிராம் உப்பைக் கரையுங்கள். சாம்பாருக்குக்கூடப் பத்தாத உப்பு! அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ அவ்வளவுதான் நம் ரத்தத்தில் 4 என்ற பி.எஸ்.ஏ.

இவ்வளவு சின்ன அளவை அளக்க இரண்டு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. ஒன்று, ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் ஐம்பதுகளின் இறுதியில் உருவாக்கிய ரேடியோ இம்யூனோ அஸ்ஸே. யாலோவுக்கு 1977இல் நோபல். இன்னொன்று, 1975இல் கோஹ்லரும் மில்ஸ்டைனும் உண்டாக்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடி. ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கும் முறை இது. 1984இல் இதற்கும் நோபல். நம் பாடப் புத்தகத்தில் இரண்டு பத்தியில் முடிந்த சமாச்சாரங்கள்! இந்த ஆன்டிபாடிகளைக் கொண்டு பரிசோதனைப் பெட்டி செய்து விற்றது அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்து ஹைபிரிடெக் கம்பெனி.

1986இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. எதற்கு? ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களைக் கண்காணிக்க. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பூஜ்யமாக வேண்டும். மறுபடி ஏறினால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம். இந்த வேலையை அது அன்றும் ஒழுங்காகச் செய்தது, இன்றும் செய்கிறது. அதில் சண்டையே இல்லை.

நல்லா இருக்கிறவனுக்கும் டெஸ்ட்

சண்டை அடுத்த படியில் வந்தது. 1987இல் ஸ்டான்போர்டின் தாமஸ் ஸ்டேமி 699 நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, பழைய ஆசிட் பாஸ்பட்டேஸைவிட பி.எஸ்.ஏ. நோயை நன்றாகக் காட்டுகிறது என்று எழுதினார். 1991இல் செயின்ட் லூயிஸ் நகரின் வில்லியம் கேட்டலோனா ஒரு படி மேலே போனார். ஐம்பது வயதைத் தாண்டிய 1,653 ஆண்களுக்கு, நோய் இருக்கிறது என்ற முன்முடிவு இல்லாமலே ரத்தம் எடுத்துப் பார்த்தார். 4.0 முதல் 9.9 வரை வந்து பயாப்சி செய்துகொண்டவர்களில் 22 சதவீதம் பேருக்குப் புற்றுநோய். 10க்கு மேல் வந்தவர்களில் 67 சதவீதம்.

இந்த 22ஐத் திருப்பிப் படியுங்கள். 4க்கும் 10க்கும் நடுவில் உள்ள நூறு பேருக்கு ஊசி குத்தினால் 78 பேருக்குப் புற்றுநோய் அகப்படவில்லை. "5.3 வந்திருக்கு" என்று போன் செய்கிற நண்பரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1994இல், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மலக்குடல் வழியாக விரலால் பார்க்கும் பரிசோதனையோடு சேர்த்து, நோயைக் கண்டுபிடிக்கவும் பி.எஸ்.ஏ.வைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி வந்தது. 4 என்ற எண் நிலைபெற்றது. அனுமதி வருவதற்கு முன்னாலேயே டாக்டர்கள் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாயிற்று. செனட்டர் பாப் டோல் 1991இல் தமக்கு இந்த நோய் வந்ததை வெளிப்படையாகச் சொல்லி, மற்றவர்களையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். 1992இல் அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் விகிதம் உச்சத்தைத் தொட்டது. திடீரென்று நோய் பெருகிவிட்டதா? இல்லை. தேடினோம், அகப்பட்டது.

தேடினால் அகப்படும், அதுதான் சிக்கல்

1935இலேயே ஆர்னால்ட் ரிச் என்ற நோய்க்குறியியல் பேராசிரியர் ஒன்றைச் சொல்லியிருந்தார். வேறு காரணங்களால் இறந்த வயதானவர்களின் பிரேதப் பரிசோதனையில், பலருக்கு புராஸ்டேட்டில் சின்னப் புற்றுநோய் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அது அவர்களைத் தொந்தரவே செய்யவில்லை. ஆக, புராஸ்டேட் புற்றுநோயில் இரண்டு ஜாதி. ஒன்று வேகமாகப் பரவி எலும்பைத் தின்பது. மற்றது நம்மோடு சேர்ந்து கிழடாகி, நம்மோடு சேர்ந்தே போய்விடுவது. பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் பார்த்து எது எந்த ஜாதி என்று சொல்ல முடியாது.

இன்னொரு மாயையும் உண்டு. டெஸ்ட்டில் கண்டுபிடித்தவர்கள் பத்து வருஷம் வாழ்ந்தார்கள், அறிகுறி வந்து கண்டுபிடித்தவர்கள் நாலு வருஷம்தான் வாழ்ந்தார்கள் என்று கணக்குக் காட்டினால், டெஸ்ட் உயிரைக் காப்பாற்றியது போலத் தோன்றும். நெல்லை எக்ஸ்பிரஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திருநெல்வேலியில் ஏறுகிறார், இன்னொருவர் விழுப்புரத்தில் ஏறுகிறார். இருவரும் எழும்பூரில் இறங்குவது ஒரே நேரத்தில். முதலாமவர் ரயிலில் அதிக நேரம் இருந்தார் என்பதற்காக அவர் பயணம் தாமதமாக முடிந்தது என்று சொல்வோமா? டெஸ்ட் நம்மை முன்கூட்டி ரயிலில் ஏற்றுகிறது. இறங்கும் நேரம் தள்ளிப்போகிறதா என்பதுதான் உண்மையான கேள்வி.

அதற்குப் பதில் காண ஒரே வழி, ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு டெஸ்ட் செய்து, மற்றதை வழக்கம்போல விட்டு, வருஷக்கணக்கில் சாவை எண்ணுவது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படி இரண்டு பெரிய ஆய்வுகள் தொண்ணூறுகளில் தொடங்கின. 2009இல் இரண்டின் முடிவும் ஒரே நாளில் ஒரே மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் சுமார் 76,700 பேர்: புராஸ்டேட் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. ஐரோப்பாவில் சுமார் 1,82,000 பேர்: முக்கிய வயதுப் பிரிவில் சாவு 20 சதவீதம் குறைந்தது.

யார் சொல்வது சரி? அமெரிக்க ஆய்வில் "டெஸ்ட் வேண்டாம்" என்று ஒதுக்கிய கூட்டத்திலும் பெரும்பாலோர் வெளியே போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டார்கள் என்பது பின்னால் தெளிவாயிற்று. விரதம் இருந்தவனையும் ஒளித்துச் சாப்பிட்டவனையும் ஒப்பிட்ட கதை. ஐரோப்பியக் கணக்குதான் நின்றது. ஆனால் அதிலும் ஒரு விலை இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு சாவைத் தடுக்க 1,410 பேருக்கு டெஸ்ட் செய்து, கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. அந்த 48 பேரில் பலருக்கு ஆபரேஷனாலும் கதிர்வீச்சாலும் சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு. நோயே தொந்தரவு செய்திருக்காத ஒருவருக்கு இது நேர்ந்தால் அதை என்னவென்று சொல்வது?

எதிர்ப்பக்கமும் நம்பகமானது இல்லை. 4க்குக் கீழே உள்ள 2,950 பேருக்குப் பயாப்சி செய்து பார்த்து, 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் என்று அமெரிக்காவின் இயன் தாம்சன் குழு 2004இல் எழுதியது. நான்கு என்பது காம்பவுண்டுச் சுவர் இல்லை. தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடு. அதே 2004இல் ஸ்டேமியே, அமெரிக்காவில் பி.எஸ்.ஏ. யுகம் முடிந்தது என்று எழுதினார். ஆப்ளின் 2010இல் செய்தித்தாளில் கட்டுரை எழுதி, தாம் சம்பந்தப்பட்ட புரதத்தை வைத்து எல்லோருக்கும் டெஸ்ட் செய்வதைக் கண்டித்தார். 2012இல் அமெரிக்க நோய்த்தடுப்பு நிபுணர் குழு, எந்த வயதினருக்கும் இந்தத் தேடல் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

ஊசல் திரும்பியது

டெஸ்ட் குறைந்தது. சில வருஷங்களில், முற்றிய நிலையில் வருகிறவர்கள் அமெரிக்காவில் கூட ஆரம்பித்தார்கள். 2018இல் அந்தக் குழுவே தன் பரிந்துரையைத் திருத்தியது: 55 முதல் 69 வயது வரை டாக்டரோடு பேசி அவரவர் முடிவு செய்யலாம், 70க்கு மேல் வேண்டாம். 2025இல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடனுக்கு 82ஆவது வயதில் எலும்புக்குப் பரவிய நிலையில் நோய் கண்டறியப்பட்டு, அவர் கடைசியாக பி.எஸ்.ஏ. பார்த்தது 2014 என்ற செய்தி வந்தபோது அந்த வயது வரம்பு மறுபடி விவாதத்துக்கு வந்தது.

இதற்கிடையில் டெஸ்ட்டைவிட, டெஸ்ட்டுக்குப் பிறகு செய்வது மாறிவிட்டது. இதுதான் நம் செட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

முதலாவது, உடனே கத்தி வேண்டியதில்லை. கனடாவின் லாரன்ஸ் க்ளாட்ஸ் தொண்ணூறுகளிலேயே, சாதுவான புற்றுநோயை வெட்டாமல் ஒழுங்காகக் கண்காணிக்கும் முறையைத் தொடங்கினார். பிரிட்டனில் பி.எஸ்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்பட்ட 1,643 பேரை ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான பதினைந்து வருஷ முடிவு: மூன்று கூட்டத்திலும் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் சிலருக்கு நோய் பரவியது உண்மை. ஆனாலும் யோசிக்க நேரம் இருக்கிறது என்பது நிரூபணமாயிற்று.

இரண்டாவது, பயாப்சிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். முன்பெல்லாம் குத்துமதிப்பாக ஆறு இடம், பன்னிரண்டு இடம் என்று ஊசி போட்டார்கள். ஸ்கேன் பார்த்து சந்தேகமான இடத்தில் மட்டும் குத்தினால், ஆபத்தான கட்டி அதிகம் அகப்படுகிறது, சாதுவான கட்டி குறைவாக அகப்படுகிறது என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் பலருக்கு ஊசியே தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, காலம். அந்த ஐரோப்பிய ஆய்வின் 23 வருஷக் கணக்கு 2025இல் வந்தது. சாவு 13 சதவீதம் குறைவு. ஒரு சாவைத் தடுக்க 456 பேரை டெஸ்ட்டுக்கு அழைத்தால் போதும், கூடுதலாக 12 பேருக்கு நோய் கண்டறியப்படும் என்று கணக்கு இறங்கியிருக்கிறது. பலன் மெதுவாக வருகிறது. அதனால்தான் இது இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் வாழ வாய்ப்புள்ளவருக்கான டெஸ்ட். எண்பதைத் தாண்டி, வேறு நோய்களோடு இருப்பவருக்கு அல்ல.

நமக்கு என்ன?

இந்தியாவில் புராஸ்டேட்டுக்கென்று தேசிய அளவிலான தேடல் திட்டம் இல்லை. அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும்தான் பார்க்கிறார்கள். ஆகவே இங்கே பி.எஸ்.ஏ. பெரும்பாலும் செக்கப் பேக்கேஜ் வழியாக, கேட்காமலே நம்மிடம் வந்து சேர்கிறது. என் செட்டில் இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் இடுப்பு வலி என்று வருஷக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தபோது முதுகெலும்பில் பரவியிருந்தது. இப்போது அவர் இல்லை. இன்னொருவர் செக்கப்பில் வந்த எண்ணைப் பார்த்துப் பயந்து, ஒரே வாரத்தில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். நன்றாக இருக்கிறார், ஆனால் வெளியூர்க் கல்யாணத்துக்கு வரத் தயங்குகிறார். முதலாமவர் வீட்டில் "ஒரு டெஸ்ட் எடுத்திருக்கலாமே" என்கிறார்கள். இரண்டாமவர் "கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ" என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இவை.

டெஸ்ட் எடுப்பதற்கு முன்னாலேயே, எண் கூடினால் என்ன செய்வோம் என்று டாக்டரிடம் பேசிவிடுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் கணக்கு வேறு. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து விந்து வெளியேற்றமும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது குணமாகிச் சில வாரம் போகட்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கு பினாஸ்டிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எண் ஏறக்குறைய பாதியாகக் காட்டும்; மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

எண் கூடி வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். பல சமயம் தானாக இறங்கிவிடும். 4க்கும் 10க்கும் நடுவில் என்றால் "ஃப்ரீ பி.எஸ்.ஏ." என்ற பிரிவைக் கேளுங்கள். அது மொத்தத்தில் 25 சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகம் குறைவு, 10க்குக் கீழே என்றால் அதிகம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தனி எண்ணைவிட, வருஷா வருஷம் அது ஏறும் போக்கு அதிகம் பேசும். சிறுநீரில் ரத்தம், அடைப்பு, விடாத எலும்பு வலி இருப்பவர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. அவர்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்.

இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு பொருளைத் துல்லியமாக அளப்பது ஒரு வேலை. அளந்ததற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்வது வேறு வேலை. முதல் வேலை 1980க்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது வேலைக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் இருபத்து மூன்று வருஷமும் தேவைப்பட்டன, இன்னும் முடியவில்லை. சாதுவான கட்டியையும் கொல்லும் கட்டியையும் ஒரு சொட்டு ரத்தத்தில் பிரித்துக் காட்டும் டெஸ்ட் இன்னும் வரவில்லை. உயிர்வேதியியலோ புள்ளியியலோ படிக்கிறவர்கள் யாராவது அதற்கு ஒரு செங்கல் எடுத்து வைத்தால், அடுத்த மலர்களில் அதைப் பற்றி எழுத இடம் ஒதுக்கச் சொல்லி மலர்க் குழுவிடம் நானே சிபாரிசு செய்கிறேன்.